உட்கார்ந்தால் வரும் தலைவலி

நான் பொய் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் பக்கத்துக் கிராம நர்ஸம்மா இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "உண்மையச் சொல்லியே மாட்டிக்கினது நீங்க ஒருத்தர்தாங்க டீச்சர்" என்று சிரிக்கிறார்.

சிசேரியன் முடிந்து ஐந்தாம் நாள் காலை. டாக்டரம்மா வார்டைச் சுற்றி வந்தார். என் கட்டிலருகே நின்று தையலைப் பார்த்தார். காய்ச்சல் உண்டா, குழந்தை பால் குடிக்கிறதா என்று கேட்டார். கடைசியாக, "தலைவலி ஏதாவது இருக்காம்மா?" என்றார். நான் மல்லாந்து படுத்திருந்தேன். அந்த நிமிடத்தில் தலை வலிக்கவில்லை. "இல்லைங்க" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

மூன்றாம் நாளிலிருந்தே எனக்கு ஒரு வலி இருந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்தால் பிடரியில் ஆரம்பித்து நெற்றிக்கு இழுக்கும். படுத்தால் போய்விடும். தூக்கம் கெட்டதால் வருவது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுது, ஊர்க்கதை எழுதாதே என்று வகுப்பில் பிள்ளைகளைத் திட்டுகிற டீச்சர் நான். டாக்டர் "இருக்கா" என்று கேட்டார். அப்போது இல்லை. இல்லை என்றேன். வீட்டுக்குப் போகிற ஆசையும் அதில் கொஞ்சம் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குழந்தை வயிற்றில் குறுக்கே கிடந்ததால்தான் ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். அவ்வளவு பெரிய வயிற்றை வைத்துக்கொண்டு முதுகை வளைத்து உட்காரச் சொன்னால் யாரால் முடியும்? நான் நெளிந்தேன். முதல் முறை ஊசி சரியாக இறங்கவில்லை, இரண்டாவது முறை இறங்கியது. கொஞ்ச நேரத்தில் குழந்தையின் அழுகை கேட்டது. பெண் என்றார்கள். ஊசியை நான் அதோடு மறந்தேன்.

அம்மா வீடு ஜவ்வாது மலையில், தார் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் மேலே ஏற வேண்டும். மழை இல்லாவிட்டால் ஜீப் வாசல்வரை வரும். அன்றைக்கு வந்தது. ஜீப்பில் உட்கார்ந்து வந்த அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் இது சாதாரணத் தலைவலி இல்லை என்று எனக்கு முதல் சந்தேகம் வந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் வாந்தி எடுத்தேன். ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மா, "பஸ்ஸு ஜீப்புன்னா இவளுக்கு எப்பவும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு என்னையும் குழந்தையையும் சுற்றிப் போட்டாள்.

அம்மா ஐந்து பிள்ளைகளை வீட்டிலேயே பெற்றவள். பிரசவம் என்றால் அவளிடம் சட்டம் உண்டு, அப்பீல் கிடையாது. காதைச் சுற்றித் துணி கட்டியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று புகுந்து ஜன்னி வரும். தண்ணீர் அரை டம்ளர், அதுவும் வெந்நீர், அதற்கு மேல் குடித்தால் வயிறு ஊதும். காபி குடித்தால் பால் வற்றும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: பால் கொடுப்பதென்றால் எழுந்து உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டு, தலையைக் கையில் தாங்கித்தான் கொடுக்க வேண்டும். படுத்துக்கொண்டு கொடுத்தால் பால் பிள்ளையின் காதுக்குள் போய் சீழ் பிடிக்கும்.

இந்தக் கடைசிச் சட்டம்தான் என்னைக் கொன்றது.

உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். பதினைந்தை எண்ணும்போது பிடரியில் வலி வந்து நிற்கும். முப்பதுக்குள் கண் முன்னே எல்லாம் மங்கும், காதில் ரீங்காரம் கேட்கும். குழந்தை அப்போதுதான் வாயைச் சரியாக வைத்துச் சப்ப ஆரம்பித்திருக்கும். அதைப் பிடுங்கி அம்மாவிடம் நீட்டிவிட்டுச் சாய்வேன். சாய்ந்த நிமிடமே வலி விட்டுவிடும். குழந்தை பசியில் வீறிட்டுக் கத்தும். நான் சௌகரியமாகப் படுத்திருப்பேன். பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

"படுத்தா இல்லாத வலி ஒக்காந்தா மட்டும் எங்கேர்ந்துடி வருது?" என்றாள் அம்மா.

"எனக்கு இன்னா தெரியும்? வருது."

"நானும் அஞ்சு பெத்தேன். மூணாம் நாளு களத்துல சாமை புடைச்சேன். எனக்கு வராத வலியா?"

"உன்ன எவன் புடைக்கச் சொன்னது?" என்றேன். எனக்கு வாய் எப்போதும் ஒரு முழம் நீளம். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவள் போன பிறகு அழுதேன். நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்கச் சோம்பல்படும் ஒருத்தி உலகத்தில் உண்டென்றால் அது நான்தானோ என்று நினைத்தேன்.

இரண்டு நாள் இப்படிப் போனது. மழை வேறு பிடித்துக்கொண்டது. குழந்தை முதல் நாள் கத்தினாள், இரண்டாம் நாள் முனகினாள், அதன் பிறகு தூங்கிக்கொண்டே இருந்தாள். "தங்கமான புள்ள, தொந்தரவே இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். அவர் பேசுவதே அபூர்வம். அந்த ஒரு வாக்கியத்தையும் தப்பாகப் பேசினார்.

ஏழாம் நாள் நர்ஸம்மா குடையும் எடை பார்க்கும் தராசுமாகச் சேற்றில் ஏறி வந்தார். குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்ததுமே அவர் முகம் மாறியது. உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தார். எடை போட்டார். பிறந்த எடையில் முந்நூறு கிராம் குறைந்திருந்தது.

"பால் வரலையா?"

"வருது. என்னாலதான் ஒக்கார முடியல" என்று ஆரம்பித்து, கேட்ட கேள்வி கேட்காத கேள்வி எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொட்டினேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. காய்ச்சல் பார்த்தார், பிரஷர் பார்த்தார், பார்ப்பதெல்லாம் இரட்டையாகத் தெரிகிறதா, வலிப்பு ஏதும் வந்ததா என்று கேட்டார். பிறகு, "இப்ப ஒக்காருங்க டீச்சர்" என்றார். உட்கார்ந்தேன். பதினைந்து எண்ணுவதற்குள் முகம் சுளித்தேன். "படுங்க." படுத்தேன். வலி போய்விட்டது.

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "நடிப்பு இல்லீங்கம்மா. முதுகுல போட்ட ஊசியால வர்ற தலைவலி இது. நூறு பேரப் பாத்தா ஒண்ணு ரெண்டு பேருக்கு இப்படித்தான் இருக்கும்னு டாக்டருங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. மருந்து இருக்குது. ஆனா கீழ போவணும்."

 எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்ட மாதிரி இருந்தது. உட்கார்ந்தால் வலி மறுபடியும் வரத்தான் போகிறது. ஆனால் அதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது, நான் சோம்பேறி இல்லை என்பதும் உறுதியாகிவிட்டது.

"மொதல்ல புள்ளக்கிப் பால் குடுங்க. ஒருக்களிச்சுப் படுத்துக்கினே குடுக்கலாம்" என்றார் நர்ஸம்மா.

"அது மட்டும் வாணாம்மா" என்று அம்மா குறுக்கே வந்து உட்கார்ந்தாள். அவள் குரல் சண்டைக் குரல் இல்லை. "இவ அண்ணனுக்கு எடது காது கேக்காது. அவன் பொறந்தப்ப எனக்கு அசதி. படுத்துக்கினே குடுத்தேன். காதுல சீழு வந்துச்சு. நாந்தான் அந்தப் புள்ளய செவிடாக்கினேன்."

அண்ணனுக்கு ஒரு காது மந்தம் என்பது எனக்குத் தெரியும். இடது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான், அதைச் சொல்லிச் சொல்லியே அவனைக் கேலி செய்து வளர்ந்தவள் நான். அம்மா முப்பது வருஷமாக அந்தப் பழியைத் தன் தலையில் சுமந்துகொண்டு திரிகிறாள் என்று தெரியாது. அப்போது அவளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"சளி புடிச்சாக்கூட குழந்தைங்களுக்குக் காதுல சீழ் வரும்மா. நீங்க படுத்துக் குடுத்ததால வந்துச்சுன்னு யார் சொன்னது?" என்றார் நர்ஸம்மா. "தலைய மட்டும் கொஞ்சம் தூக்கி வெச்சா போதும். இப்ப குடுக்கலன்னாதான் ஆபத்து."

அம்மா குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து, ஒரு பழைய வேட்டியை மடித்துக் குழந்தையின் தலைக்குக் கீழே வைத்து, அவளை என் பக்கத்தில் கிடத்தினாள். நான் ஒருக்களித்துப் படுத்தேன். தூங்கிக்கொண்டிருந்தவளை நர்ஸம்மா உள்ளங்காலைத் தேய்த்து எழுப்பினார். வாய் வைத்தாள். வீட்டுக்கு வந்த பிறகு முதல் முறையாக எண்ணாமல் பால் கொடுத்தேன். அந்த நேரம் முழுவதும் அம்மா எங்கள் இருவருக்கும் நடுவே குனிந்து, தன் உள்ளங்கையைக் குவித்துக் குழந்தையின் காதை மூடிக்கொண்டிருந்தாள். கை மரத்துப்போனபோது மறு கையை வைத்தாள்.

நர்ஸம்மா சிக்னல் கிடைக்கிற பாறைவரை ஏறிப் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டு வந்தார். ஆம்புலன்ஸ் தார் ரோட்டில் வந்து நிற்கும், அதுவரை நாம்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். மழையில் ஜீப் பாதை அறுத்துக்கொண்டு போயிருந்தது. கழியில் போர்வையைத் தொங்கவிட்டு டோலி கட்டினால் வயிறு மடங்கித் தையல் இழுக்கும் என்பதால், கயிற்றுக் கட்டிலோடு தூக்குவது என்று முடிவானது. என் வீட்டுக்காரரும் பக்கத்துக் கொல்லைகளில் பயிர் செய்கிற மூன்று பேரும் கட்டிலுக்குக் கழி கட்டினார்கள். இறக்கம் என்பதால் என் தலை மேட்டுப் பக்கம், கால் பள்ளத்துப் பக்கம் இருக்கும்படி தூக்கினார்கள். கட்டில் சாய்ந்து தலை உயர்ந்ததும் பிடரி இழுக்க ஆரம்பித்தது. நான் பல்லைக் கடித்தேன்.

நாலடி போவதற்குள் அம்மா வழியை மறித்தாள். "நில்லுங்க! கால் முன்னால போறது பொணந்தான். என் பொண்ணு உசுரோட கீறா. திருப்புங்க."

"தல கீழ போவும் அத்த" என்றார் என் வீட்டுக்காரர். "எறக்கத்துல ரத்தமெல்லாம் தலைக்கு ஏறிடும்."

"ஏறட்டும். திருப்பு."

நான்கு ஆண்கள் சேற்றில் நின்றுகொண்டு ஒரு நிமிடம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அம்மாவிடம் வாதம் செய்து ஜெயித்தவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. கட்டிலைத் திருப்பினார்கள். என் தலை பள்ளத்தைப் பார்த்து இறங்கியது. வலி அப்படியே வடிந்துவிட்டது. அந்த இரண்டு கிலோமீட்டரும் மூங்கில் இடுக்கில் தெரிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு ராணி மாதிரி போனேன். கூடவே நடந்துவந்த நர்ஸம்மா, "தலை தாழ்ந்திருந்தா இந்த வலிக்கு நல்லதுதாங்க. உங்கம்மா இன்னா டாக்டருக்குப் படிச்சாங்களா?" என்று மெல்லக் கேட்டார். குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு முன்னால் நடந்த அம்மாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். நடை கொஞ்சம் மிடுக்கானது.

ஆஸ்பத்திரியில் அதே வார்டு, வேறு கட்டில். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "அன்னைக்குக் கேட்டேனே, இல்லேன்னீங்களே?" என்றார். "படுத்திருந்தேங்க, அப்ப இல்ல" என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "நானும் உங்கள ஒக்கார வெச்சுக் கேட்டிருக்கணும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

முதலில் சுலபமான வைத்தியம். கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வலி மாத்திரை கொடுத்தார்கள். தண்ணீர் நிறையக் குடி, காபி குடி என்றார்கள். கேன்டீனிலிருந்து காபி வாங்கி வந்து என் கையில் கொடுத்தபோது அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "டாக்டரே சொல்லிட்டாங்க, நான் இன்னா பண்றது" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, கூடவே ஒரு சொம்பு தண்ணீரையும் வைத்தாள். கொஞ்சம் தேவலை என்று இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலை உட்கார்ந்து பார்த்தேன். பதினைந்து இருபதானது. இருபதுக்கு மேல் போகவில்லை.

அப்போதுதான் மயக்க மருந்து டாக்டர் வந்தார். நிதானமான ஆள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்துச் சொன்னார். "தண்டுவடத்தச் சுத்தி ஒரு உறை இருக்கு. உள்ள தண்ணி மாதிரி இருக்கும். மூளை அந்தத் தண்ணிலதான் மெதக்குது. ஊசி போட்ட எடத்துல சின்ன ஓட்ட மூடாம நின்னுபோச்சு. தண்ணி கசியுது. ஒக்காந்தா மூளைக்குத் தாங்கல் கொறஞ்சு கீழ இழுக்குது, அதான் வலி. படுத்தா இழுக்கறதில்ல. தானாவே மூடும், ஆனா நாளாகும். குழந்தைக்கு இப்பவே பால் வேணும். அதனால ஒண்ணு பண்ணலாம். இவங்க கையிலேருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து, முதுகுல அந்த எடத்துல செலுத்தினா, அது உறைஞ்சு ஓட்டய அடைச்சுடும்."

மறுபடியும் முதுகில் ஊசி.  அந்த ஊசியால் வந்த வினைதானே இதெல்லாம்?

அம்மா கேட்டாள்: "பான ஒழுவுனா பலாப்பாலு தடவி அடைக்கிற மாதிரியா?"

டாக்டர் சிரித்தார். "அதேதாம்மா."

"அப்ப என் ரத்தத்த எடுங்க. இவ பச்ச ஒடம்புக்காரி, ஏற்கெனவே எவ்ளோ ரத்தம் போயிருக்கு." சேலையை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டியேவிட்டாள்.

"இவங்க ரத்தம்தாம்மா வேணும். நாலு ஸ்பூன் அளவுதான்."

நீட்டிய கையை அம்மா உடனே மடக்கவில்லை. அந்தக் கையைப் பார்த்த பிறகு எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்தது. சரி என்றேன். ஒரே தடவையில் சரியாகாமல் சிலருக்கு இரண்டாவது முறை செய்ய வேண்டிவரும், கொஞ்ச நாள் குனியவோ கனம் தூக்கவோ கூடாது என்பதையும் டாக்டர் மறைக்காமல் சொன்னார். கையெழுத்துப் போட்டேன்.

தியேட்டரில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். ஒருவர் கையிலிருந்து ரத்தம் எடுக்க, டாக்டர் அதை முதுகில் மெதுவாகச் செலுத்தினார். இடுப்பில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவது போல ஒரு கனம், அவ்வளவுதான். "அழுத்தம் தாங்கலேன்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்" என்று சொல்லிக்கொண்டே செய்தார். சொல்லவேண்டி வரவில்லை. இரண்டு மணி நேரம் அசையாமல் படுக்கச் சொல்லி வார்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தில் நான் வேண்டாத தெய்வம் இல்லை. குழந்தை அம்மாவின் மடியில் விழித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பாலுக்கே அவள் கன்னத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரமானதும் டாக்டரம்மாவும் மயக்க மருந்து டாக்டரும் சேர்ந்து வந்தார்கள். டாக்டரம்மா கட்டிலருகே நின்று, "தலைவலி இருக்காம்மா?" என்றார்.

நான் மல்லாந்து படுத்திருந்தேன். வலி இல்லை.

"இருங்க, ஒக்காந்து சொல்றேன்" என்றேன்.

டாக்டரம்மாவே கை கொடுத்தார். ஒருக்களித்துத் திரும்பி, மெதுவாக எழுந்து, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். எண்ண ஆரம்பித்தேன். உதடு அசைந்ததோ என்னவோ, அம்மாவும் கூடவே எண்ணினாள். அவளுக்கு என் பதினைந்து நன்றாகத் தெரியும். பதினைந்து வந்தது. பிடரியில் ஒன்றும் இல்லை. இருபது. முப்பது. ஜன்னல் கம்பிகள் கம்பிகளாகவே தெரிந்தன. முதுகில் ஒரு கனம் மட்டும் இருந்தது. ஐம்பதுவரை எண்ணிவிட்டு நான் நிறுத்திவிட்டேன். அம்மா அறுபதுவரை போனாள்.

"இல்லைங்க" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். டாக்டரம்மா இந்த முறையும் எழுதிக்கொண்டார். என் வீட்டுக்காரர் வராந்தாவுக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார்.

அம்மா எழுந்து வந்து குழந்தையை என் மடியில் வைத்தாள். அவளுடைய சட்டப்படியே, மடியில் போட்டு, தலையைக் கையில் தாங்கி, வாய் வைத்தேன். பிடித்துக்கொண்டாள். யாரும் அவளைப் பிடுங்கவில்லை. குடித்துக்கொண்டே இருந்தாள். அம்மா என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, உள்ளங்கையைக் குவித்துக் குழந்தையின் காதின்மேல் வைத்தாள்.

"ம்மா, இப்ப ஒக்காந்துதான குடுக்கறேன்?"

"தெரியுது. நீ குடு."

குழந்தை குடித்து முடித்துத் தூங்குகிறவரை அவள் கையை எடுக்கவில்லை.